அரிய நோய் மருந்தின் மதிப்பை யார் சொல்வது? குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

என் அக்கா மகனுக்கு எஸ்.எம்.ஏ. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் தண்டுவடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும் மரபணு நோய் அது. சுமார் 10,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு வரும். அவனுக்கு இருப்பது இரண்டாம் வகை. உட்காருவான், ஒருநாளும் நடந்ததில்லை. இப்போது பன்னிரண்டு வயது. இந்த நோய்க்கு உலகிலேயே விலை கூடிய மருந்துகள் சில இருக்கின்றன. அவற்றை அரசு வாங்கித் தரலாமா வேண்டாமா என்று பல நாடுகளில் குழு போட்டு முடிவு செய்கிறார்கள். அந்தக் குழுக்களின் அறிக்கைகளைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். இதே நோயும் இதைப் போன்ற வேறு அரிய நோய்களும் உள்ள குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஓர் இடத்தில் வைத்திருக்கிறேன்.

மருந்தின் மதிப்பு என்றால் விலைதானே?

இல்லை. விலை என்பது கம்பெனி கேட்கும் தொகை. அந்தத் தொகையைக் கொடுத்தால் நோயாளிக்கு என்ன கிடைக்கும், எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பது மதிப்பு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஜெர்மனி, கனடா போன்ற நாடுகளில் மருந்து பாதுகாப்பானது, வேலை செய்கிறது என்று அனுமதி கிடைத்த பிறகும் இன்னொரு கட்டம் உண்டு. மக்கள் வரிப்பணத்தில் அதை வாங்குவது தகுமா என்று பார்ப்பார்கள். இங்கிலாந்தில் இந்த வேலையை 1999ல் தொடங்கிய நைஸ் என்ற அமைப்பு செய்கிறது.

இதில் நோயாளியை எதற்குக் கேட்க வேண்டும்? டாக்டர்களுக்குத் தெரியாதா?

சர்க்கரை நோய்க்கு ஒரு புது மாத்திரை வந்தால் ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்த்த தகவல் இருக்கும். அரிய நோய்க்கு அப்படி இருக்காது. ஐரோப்பாவில் 10,000 பேரில் 5 பேருக்கு மேல் இல்லாவிட்டால் அது அரிய நோய். சில நோய்கள் ஒரு நாட்டுக்கே நூறு பேருக்குத்தான் இருக்கும். எஸ்.எம்.ஏ.வுக்கு முதலில் வந்த நுசினெர்சன் மருந்தின் இரண்டு பெரிய சோதனைகளில் ஒன்றில் 122 கைக்குழந்தைகள், இன்னொன்றில் 126 பிள்ளைகள். அரிய நோய் உலகில் இதுவே பெரிய எண்ணிக்கை. அதுவும் ஒன்றிரண்டு வருடத் தகவல்தான். ஆனால் மருந்தை ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும்.

இவ்வளவு குறைவான தகவலை வைத்து முடிவெடுக்கும்போது இடைவெளிகளை எதையாவது வைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும். பொருளாதார நிபுணர் ஊகத்தால் நிரப்புவார். டாக்டர் தன் அறையில் பதினைந்து நிமிடம் பார்த்ததை வைத்து நிரப்புவார். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரம் எப்படிப் போகிறது என்பது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

குவாலி என்கிறார்களே, அது என்ன கணக்கு?

வாழ்நாளையும் வாழ்க்கைத் தரத்தையும் ஒரே எண்ணில் பெருக்கிப் பார்க்கும் கணக்கு. முழு ஆரோக்கியத்தோடு ஒரு வருடம் வாழ்ந்தால் 1. இறப்பு 0. பாதித் தரத்தில் இரண்டு வருடம் வாழ்ந்தால் அதுவும் 1. மருந்தால் இந்த எண் எவ்வளவு கூடுகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்று வகுத்துப் பார்ப்பார்கள்.

நைஸ் வழக்கமாக ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஏற்றுக்கொண்டு வந்தது. இதை 25,000 முதல் 35,000 ஆக உயர்த்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தார்கள். மிக மிக அரிதான சில நோய்களுக்கு மட்டும் தனிப்பாதை உண்டு. அதில் 2017 முதல் வரம்பு 1,00,000 பவுண்டு. நோயாளிக்குக் கிடைக்கும் நன்மை மிகப் பெரிதாக இருந்தால் அது 3,00,000 வரை போகலாம்.

வாழ்க்கைத் தரத்துக்கு எண் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ஐந்து கேள்விகள் உள்ள ஒரு படிவத்திலிருந்து வருகிறது. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை. ஒவ்வொன்றிலும் சிரமம் எவ்வளவு என்று நோயாளி டிக் செய்வார். அந்த டிக்குகளுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே பொதுமக்களிடம் கேட்டுத் தீர்மானித்திருப்பார்கள். அதாவது, இந்த நோயே இல்லாத ஒருவர் இப்படி ஒரு நிலையைக் கற்பனை செய்து சொன்ன மதிப்பெண் அது. சில நிலைகளுக்கு இறப்பை விடவும் கீழான மதிப்பெண் விழும். பேசத் தெரியாத கைக்குழந்தை படிவம் நிரப்ப முடியாது. அங்கே பெற்றோரோ டாக்டரோ ஊகித்துச் சொல்வதுதான் எண்.

இந்தப் படிவத்தில் விட்டுப்போவது என்ன? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டு உதாரணத்தையே சொல்கிறேன்.

அவன் சாப்பிடும்போது வலது முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொள்வான். அப்படி ஊன்றினால்தான் ஸ்பூன் வாய்க்குப் போகும். தோளிலிருந்து கையைத் தூக்க அவனுக்குச் சக்தி இல்லை. ஒன்பது வயதில் மேஜை உயரம் பற்றாமல் போனது. அக்கா முழங்கைக்கு அடியில் இரண்டு நோட்டுப் புத்தகங்களை வைத்தாள், நூறு பக்க நோட்டு. அது சரியாக இருந்தது. ஆறேழு மாதம் கழித்து மூன்றாவது நோட்டு. அடுத்த மழைக்காலத்தில் நான்காவது நோட்டு. கை பலவீனமாக ஆக, வாய் தூரமாகிக்கொண்டே போனது. அந்தத் தூரத்தை நாங்கள் நோட்டால் அளந்துகொண்டிருந்தோம்.

இந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை பரிசோதனைக்குப் போனோம். தசைத் திறனைப் பார்க்கும் அளவுகோலில் இரண்டு முறையும் ஒரே மதிப்பெண். "மாற்றம் இல்லை" என்று எழுதினார்கள். அளந்தவர் மேல் தப்பில்லை. அந்த அளவுகோலில் உருளுவதும் உட்காருவதும் எழுவதும் இருந்தன, நோட்டு இல்லை.

ஐந்து கேள்விப் படிவமும் அப்படித்தான். நடமாட்டத்தில் அவனுக்கு எப்போதுமே கடைசிக் கட்டம். இரண்டு நோட்டிலும் அதுதான், நான்கு நோட்டிலும் அதுதான். இதற்கு மேல் மோசமாக அந்தப் படிவத்தில் இடமே கிடையாது.

இப்போது மருந்து தொடங்கிச் சில மாதம் ஆகிறது. இன்றைக்கும் நான்கு நோட்டுதான். சில மாதத்தை வைத்து மருந்து வேலை செய்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாவது நோட்டு வராமல் இருப்பதை எங்கள் வீட்டில் எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்டால், அதைச் சொல்ல எனக்குத் தெரியும். "மாற்றம் இல்லை" என்ற அதே இரண்டு சொற்கள் மருந்துக்கு முன்னால் பொய்யாக இருந்தன, இப்போது அவையே நாங்கள் வேண்டிக்கொண்டிருக்கும் வரம். இந்த வித்தியாசத்தைக் குழுவுக்குச் சொல்ல அந்த அறையில் ஒருவர் வேண்டும்.

அப்படியானால் மதிப்பெண்ணை நோயாளிகளே போட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விஷயம் அவ்வளவு நேரானது இல்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தங்கள் வாழ்க்கைக்குத் தரும் மதிப்பெண், வெளியாட்கள் அதைக் கற்பனை செய்து தரும் மதிப்பெண்ணை விடப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பழகிவிடுகிறோம், வழி கண்டுபிடித்துக்கொள்கிறோம், சந்தோஷமாகவும் இருக்கிறோம். வெளியாள் 0.3 போடும் இடத்தில் அவர் 0.8 போடுவார் என்று வைத்துக்கொள்வோம். உயிரைக் காக்கும் மருந்தாக இருந்தால் இது அவருக்குச் சாதகம். கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு வருடமும் 0.8 மதிப்புள்ளதாகிவிடும். ஆனால் நிலையைச் சீராக்கும் மருந்தாக இருந்தால் கணக்கு தலைகீழாகும். 0.3ல் இருந்து ஏறுவதற்கு நிறைய இடம் உண்டு. 0.8ல் இருந்து ஏற 0.2 தான் மிச்சம். "நன்றாகத்தானே இருக்கிறீர்கள், மருந்து எதற்கு" என்கிற மாதிரி ஆகிவிடும்.

அதனால் எண்ணை யார் போடுவது என்பதோடு நிற்காமல், எதை அளப்பது என்பதிலும் நோயாளிக்குப் பங்கு வேண்டும். என் கருத்தில் இரண்டாவதுதான் முக்கியம்.

இங்கிலாந்தில் நோயாளிகள் எங்கே, எப்படிப் பேசுகிறார்கள்?

நைஸ் ஒரு மருந்தை எடுத்துக்கொண்டதும் சம்பந்தப்பட்ட நோயாளிகள் அமைப்புகளுக்குக் கடிதம் போகும். நோயோடு வாழ்வது எப்படி, இப்போதைய சிகிச்சை எப்படி, புது மருந்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்பார்கள். பிறகு நோயாளி அல்லது பெற்றோர் சிலர் கூட்டத்துக்கே அழைக்கப்படுவார்கள். அவர்களை "நோயாளி நிபுணர்" என்றே அழைக்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும். இதய நிபுணர், நரம்பு நிபுணர் மாதிரி, அந்த நோயோடு வாழ்வதில் நிபுணர்.

அவர்களுக்கு ஓட்டு கிடையாது. ரகசிய விலை பேசும்போது வெளியே போய்விட வேண்டும். குழுவில் மருத்துவத் துறை சாராத சாதாரண உறுப்பினர்களும் இருப்பார்கள், அவர்களுக்கு முடிவில் சம பங்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட நோய் இருக்கும் என்பதில்லை. ஜெர்மனியிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். நோயாளிப் பிரதிநிதிகள் உட்காரலாம், பேசலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம், ஓட்டுப்போட முடியாது.

பேசியதால் ஒரு முடிவு மாறியிருக்கிறதா?

நுசினெர்சன் கதையைச் சொல்கிறேன். முழுக்க நோயாளிகள் பேசியதால்தான் மாறியது என்று சொன்னால் அது மிகை. பேசாமல் இருந்திருந்தால் மாறியிருக்காது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இது முதுகுத்தண்டுக்குள் ஊசி வழியாகச் செலுத்தும் மருந்து. முதல் இரண்டு மாதத்தில் நான்கு ஊசி, அப்புறம் நான்கு மாதத்துக்கு ஒன்று. அமெரிக்கா 2016 டிசம்பரில் அனுமதி தந்தது. பிரிட்டனில் ஓர் ஊசியின் பட்டியல் விலை 75,000 பவுண்டு. முதல் வருடம் 4,50,000, பிறகு ஒவ்வொரு வருடமும் 2,25,000.

நைஸ் இதை மிக அரிய நோய்களுக்கான தனிப்பாதையில் எடுக்காமல் வழக்கமான பாதையில் எடுத்தது. எஸ்.எம்.ஏ. அந்தத் தனிப்பாதைக்கு வேண்டிய அளவு அரிதல்ல, வழக்கமான பாதையில் தேறும் அளவுக்குச் சாதாரணமும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. 2018 ஆகஸ்டில் வந்த வரைவு அறிக்கை, மருந்து வேலை செய்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் நீண்ட காலப் பலன் தெரியவில்லை, விலை மிக அதிகம் என்று பரிந்துரைக்க மறுத்தது.

எஸ்.எம்.ஏ. யு.கே., மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி யு.கே., ட்ரீட் எஸ்.எம்.ஏ. ஆகிய அமைப்புகள் விடவில்லை. வரைவின் மேல் கருத்துக் கேட்டபோது எழுதினார்கள், கூட்டங்களில் பேசினார்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்தார்கள். இந்த நோயில் நிலைமை இறங்காமல் நிற்பதே ஆதாயம் என்பதை விளக்கினார்கள். இரவில் பெற்றோர் தூங்காததும் வேலையை விடுவதும் கணக்கில் எங்கே என்று கேட்டார்கள். 2019 மே மாதம் முடிவு மாறியது. கம்பெனி விலையைக் குறைத்தது. எவ்வளவு என்பது ரகசியம். ஐந்து வருடம் மருந்து கொடுத்துக்கொண்டே தகவல் சேகரிப்பது, அப்புறம் மறுபடி பார்ப்பது என்று ஒப்பந்தம் ஆனது.

அமெரிக்கா அனுமதி தந்ததிலிருந்து இங்கிலாந்தில் முடிவு வர ஏறக்குறைய இரண்டரை வருடம் ஆனது. முதல் வகை எஸ்.எம்.ஏ. உள்ள குழந்தை, மருந்தும் மூச்சுக் கருவியும் இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டாது. ஸ்காட்லாந்து அந்தக் குழந்தைகளுக்கு 2018 மே மாதமே சரி என்று சொல்லிவிட்டது.

ஸ்காட்லாந்தில் மட்டும் எப்படி முந்தினார்கள்?

ஒரு கூட்டத்தால் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்தின் மருந்துக் குழு 2014ல் பேஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அரிய நோய் மருந்துக்கோ வாழ்வின் இறுதிக்கட்ட மருந்துக்கோ முதல் சுற்றில் "வேண்டாம்" என்று வந்தால், இந்தக் கூட்டத்தைக் கூட்டலாம். நோயாளிகள் அமைப்புகளும் அந்த நோயைப் பார்க்கும் டாக்டர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுவார்கள். வழக்கமான கணக்கில் வராத நன்மைகள் என்ன என்பதுதான் பேச்சு. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் அறிக்கை தயாராகும். முடிவெடுக்கும் குழு அதற்கு நல்ல எடை கொடுக்கும்.

இதில் எனக்குப் பிடித்தது, டாக்டரும் பெற்றோரும் ஒரே வாக்கியத்தைச் சேர்ந்து எழுதுவது. தனித்தனியாகப் பேசினால் ஒருவர் சொல்வது புள்ளிவிவரமாகவும் இன்னொருவர் சொல்வது புலம்பலாகவும் காதில் விழும். சேர்ந்து எழுதும்போது, "இரவில் நான்கு முறை புரட்டிப் படுக்க வைக்கிறேன்" என்று அம்மா சொன்னால், பக்கத்திலிருக்கும் டாக்டர் "ஆமாம், தானாகப் புரளும் தசை இருந்தால் படுக்கைப் புண்ணும் மூச்சுத் தொந்தரவும் குறையும்" என்பார். அம்மா சொன்னது மருத்துவத் தகவலாகிவிடும்.

பெற்றோர் அழுதால் குழு இளகிவிடாதா? அது நியாயமா?

கண்ணீரைப் பார்த்து முடிவெடுப்பது நியாயமில்லை. அந்தக் கூட்டத்துக்கு வர முடியாத நோயாளிகளும் இருக்கிறார்கள். நன்றாகப் பேசத் தெரிந்த, படித்த, நகரத்தில் இருக்கிற குடும்பத்தின் குரல்தான் முதலில் கேட்கும். அமைப்பே இல்லாத நோய்கள் உண்டு. உலகம் முழுக்க முப்பது பேருக்கு மட்டும் இருக்கும் நோய்க்கு யார் வந்து பேசுவார்கள்?

அதனால்தான் எழுத்துப்பூர்வமான, எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்கும் முறை வேண்டும் என்கிறேன். ஒரு தாய் சொல்வதோடு அறுபது குடும்பங்கள் நிரப்பிய கணக்கெடுப்பும் சேர்ந்து போனால் அதன் எடை வேறு. பேசப் போகும் பெற்றோர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான். உங்கள் துயரம் எவ்வளவு பெரிது என்று நிரூபிக்கப் போகவில்லை. வேறு யாருக்கும் தெரியாத ஒரு தகவலைக் கொடுக்கப் போகிறீர்கள். அழுகை வந்தால் அழலாம், அதில் வெட்கமில்லை. ஆனால் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்பதைச் சொல்லாமல் வந்துவிடாதீர்கள்.

நோயாளிகள் அமைப்புகளுக்கு மருந்துக் கம்பெனியே பணம் தருகிறதாமே?

பல இடங்களில் உண்மைதான். சின்ன அமைப்புகளுக்கு வேறு வருமானம் குறைவு. நைஸில் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்பது எழுத்தில் பதிவாகும். வெளிப்படையாகச் சொல்வது நல்லது, போதாது. மதிப்பிடும் அரசு அமைப்பே நோயாளிகள் வந்து பேசுவதற்கான செலவையும் பயிற்சியையும் கொடுத்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடம் குறையும். விலை அதிகம் என்று தோன்றினால் அதையும் நோயாளிகள் அமைப்பு துணிந்து சொல்ல வேண்டும். மருந்து வேண்டும் என்று கேட்பதும், இந்த விலை அநியாயம் என்று சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

ஒருவருக்குக் கோடிகள் செலவழித்தால் மற்ற நோயாளிகள் பாதிக்கப்பட மாட்டார்களா?

பாதிக்கப்படுவார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அதே பணத்தில் டயாலிசிஸ் கருவிகள் வாங்கலாம், பச்சிளங்குழந்தைகளுக்கான வார்டு கட்டலாம். அந்தக் குழந்தைகளுக்கும் அம்மா உண்டு.

ஆனால் இதை மூடிய அறையில் எண்களை மட்டும் வைத்துப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து உதாரணம். போம்பே, ஃபேப்ரி என்ற இரண்டு நொதிக் குறைபாட்டு நோய்களின் மருந்தைக் காப்பீட்டிலிருந்து நீக்கலாம் என்ற வரைவு 2012ல் வெளியே கசிந்தது. நோயாளிகள் அதைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். நாடே கொந்தளித்தது. பிறகு அரசு கம்பெனிகளோடு விலை பேச உட்கார்ந்தது. அந்தப் பேச்சை முதலிலேயே, நோயாளிகளையும் வைத்துக்கொண்டு பேசியிருக்கலாம்.

நோயாளிகள் எப்போதும் "கொடு" என்றுதானே சொல்வார்கள்?

அப்படி இல்லை. மார்க்கியோ என்ற எலும்பு வளர்ச்சி நோய்க்கான எலோசல்ஃபேஸ் ஆல்ஃபா மருந்தை 2015ல் இங்கிலாந்து ஏற்றபோது, எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்ற விதிகளோடு ஏற்றது. அந்த ஏற்பாட்டில் எம்.பி.எஸ். சொசைட்டி என்ற நோயாளிகள் அமைப்பும் ஒரு தரப்பு. குறிப்பிட்ட அளவு பலன் தெரியாவிட்டால் மருந்து நிறுத்தப்படும் என்பதைக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டுதான் தொடங்கினார்கள். தன் பிள்ளைக்கு மருந்து நிற்கலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுவது எவ்வளவு கனமான காரியம் என்று யோசித்துப் பாருங்கள். பங்கு கேட்பவர்கள் பொறுப்பையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

எந்தக் கட்டத்தில் நோயாளியைக் கேட்டால் அதிகப் பலன்?

மருந்து சோதனை தொடங்குவதற்கு முன்னால். இதில் சந்தேகமே இல்லை.

டுஷென் என்ற தசைச்சிதைவு நோயில் ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறான் என்பதைத்தான் பல சோதனைகளில் அளந்தார்கள். நடையை இழந்த பையன்கள் அந்தச் சோதனையில் சேரவே முடியாது. அவர்களுக்கு மருந்து உதவுமா என்ற தகவலும் பிறக்காது. தகவல் இல்லை என்பதால் பின்னால் மருந்தும் மறுக்கப்படும். குடும்பங்கள் கை முக்கியம், கை முக்கியம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கைத்திறனை அளக்க ஒரு தனி அளவுகோல் பிறகு உருவானது. அமெரிக்காவில் டுஷென் பெற்றோர் அமைப்பு ஒன்று, சோதனைகள் எப்படி இருக்க வேண்டும் என்று 2014ல் தாங்களே ஒரு வழிகாட்டி வரைவு எழுதி மருந்து அனுமதித் துறையிடம் கொடுத்தது. அதற்கு முன் எந்த நோயாளிகள் அமைப்பும் அப்படிச் செய்ததில்லை. அதே அமைப்பு பெற்றோர்களிடம் ஆய்வும் நடத்தியது. ஆயுள் கூடாவிட்டாலும் பரவாயில்லை, பலவீனம் மெதுவானால் போதும், அதற்காக ஓரளவு ஆபத்தையும் ஏற்கத் தயார் என்று பெற்றோர் சொன்னார்கள். இதை வெளியாள் யாரும் ஊகித்திருக்க முடியாது.

சரி, நம் நாட்டில் என்ன நிலை?

2021ல் தேசிய அரிய நோய்க் கொள்கை வந்தது. தேர்ந்தெடுத்த சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. மருந்துகளின், மருத்துவ முறைகளின் மதிப்பை ஆராய 2017 முதல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பும் இருக்கிறது. ஆனால் அரிய நோய் விஷயத்தில் இந்திய நோயாளியின் குரல் அதிகமாகக் கேட்ட இடம் குழு அறை அல்ல, நீதிமன்றம். டெல்லி உயர் நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று குடும்பங்கள் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

ரிஸ்டிப்ளாம் கதை பலருக்குத் தெரியும். எஸ்.எம்.ஏ.வுக்கு வாய்வழியாகக் குடிக்கும் மருந்து. 20 கிலோவுக்கு மேல் எடை இருந்தால் தினமும் 5 மில்லிகிராம். ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம், பன்னிரண்டு நாளில் தீர்ந்துவிடும். வருடத்துக்கு முப்பது பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோஷ் கம்பெனியின் பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய். சலுகை எதுவும் இல்லாமல் அந்த விலைக்கு வாங்கினால் வருடத்துக்கு 1.8 கோடி. அரசு தரும் 50 லட்சம் நூறு நாளுக்குத்தான் வரும். அதே மருந்தை நாட்கோ என்ற இந்தியக் கம்பெனி விற்கத் தடை கேட்டு ரோஷ் காப்புரிமை வழக்குப் போட்டது. 2025 அக்டோபரில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அவர்களுடைய பாட்டில் 15,900 ரூபாய். அதாவது வருடத்துக்கு 4.8 லட்சத்துக்கும் குறைவு. சாதாரணக் குடும்பத்துக்கு இதுவும் பெரிய தொகைதான். ஆனால் அதே 50 லட்சம் இப்போது பத்து வருடத்துக்கு வரும்.

மருந்து தரும் நன்மை மாறவில்லை, விலைதான் மாறியது. அந்த விலை மாற்றத்துக்கு முன்னால் கணக்குப் போட்டிருந்தால் "தகாது" என்று வந்திருக்கும் மருந்து, இன்று போட்டால் "தகும்" என்று வரக்கூடும். அதனால் நம் நாட்டில் மதிப்பைப் பேச உட்காரும்போது, விலையை மாற்ற முடியாத ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல் அதையும் மேஜையில் வைக்க வேண்டும். அந்த மேஜையில் குடும்பங்களுக்கும் நாற்காலி போட வேண்டும், ஒவ்வொரு முறையும் வக்கீல் வைத்துக்கொண்டு வர வைக்கக் கூடாது.

எங்களை யாரும் கூப்பிடவில்லை. இப்போதைக்கு வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

எழுதி வையுங்கள். பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். உங்கள் பிள்ளையின் "நோட்டு" எது என்று கண்டுபிடியுங்கள். ஒரு வீட்டில் அது டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் தூக்க முடிகிறது என்பது. இன்னொரு வீட்டில், ஒரே மூச்சில் எத்தனை எண் வரை சொல்ல முடிகிறது என்பது. மாதம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே இடத்தில் பாருங்கள். போனில் ஒரு நிமிட வீடியோ எடுங்கள், அதே கோணத்தில். தேதி போடுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்று காலண்டரில் கோடு போடுங்கள். பிள்ளையைப் பார்க்க வேலையை விட்டிருந்தால் அதையும், விட்ட சம்பளத்தையும் எழுதுங்கள். மருந்து தொடங்கும் முன்பே ஆரம்பிப்பது முக்கியம், முன்னால் எப்படி இருந்தது என்று தெரியாமல் பின்னால் என்ன மாறியது என்று சொல்ல முடியாது.

நல்ல நாட்களையும் எழுதுங்கள். நாம் கெட்டதை மட்டும் எழுதினால் படிப்பவர் நம்ப மாட்டார்.

குழந்தையிடமே கேட்கலாமா? மனசு உடைந்துவிடாதா?

விவரம் தெரிந்த பிள்ளையிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நாங்கள் வெகுநாள் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது: நோட்டு, முதுகு வளைவு, மூச்சு, பள்ளிக்கூடம். போன மாதம்தான் அவனிடம் கேட்டேன், மருந்தால் ஒன்றே ஒன்று கிடைக்கும் என்றால் என்ன வேண்டும் என்று.

அக்கா இரவில் பதினொரு மணிக்கு, இரண்டு மணிக்கு, நாலரைக்கு எழுந்து அவனைப் புரட்டிப் படுக்க வைப்பாள். நடுநடுவே அவன் கூப்பிட்டாலும் எழுவாள். கூப்பிட யோசித்துக்கொண்டு அவன் விழித்தே கிடப்பான் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மூஞ்சில கொசு உக்காந்தா நானே தட்டி விடணும் சித்தி. அதுக்குப் போயி அம்மாவ எழுப்பக் கூடாது" என்றான்.

அக்கா வைத்திருக்கும் அந்த நூறு பக்க நோட்டில், தேதி போட்டு, அவன் சொன்ன மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன்.